தொடை எரிகிறதா? இடுப்புப் பட்டையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளில் மெயின்டனன்ஸ் வேலை. 80 மீட்டர் டவர், வாரத்துக்கு நாலைந்து தடவை ஏறுவேன். உயரம் 170 செ.மீ., எடை 86 கிலோ. இரண்டு மாதமாக வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போய்த் திகுதிகுவென்று எரிகிறது. சேஃப்டி பெல்ட்டைக் கழற்றி அரைமணி நேரமானால் கொஞ்சம் குறைகிறது. கவட்டைப் பட்டை உறுத்துவதால் அதைத் தளர்த்திவிட்டுத்தான் ஏறுகிறேன். டிஸ்க் விலகியிருக்கும், ஸ்கேன் எடு என்கிறார்கள். கைக்காசு போட்டாவது உறுத்தாத பெல்ட் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: முதலில், பட்டையைத் தளர்த்தி ஏறுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். விழும்போது கயிற்றோடு இருக்கும் ஷாக் அப்சார்பர் (அதிர்ச்சியை உள்வாங்கும் பகுதி) இழுப்பை 6 கிலோநியூட்டனுக்குள் அடக்கும். அதுவே ஏறக்குறைய 600 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். பட்டை தொடையோடு ஒட்டியிருந்தால் அந்த இழுப்பு தொடையிலும் புட்டத்திலும் பரவும். தளர்ந்திருந்தால் உடம்பு கீழே வழுக்கும், பட்டை மேலே ஏறி விதைப்பையை நசுக்கும். உறுத்தலுக்குக் காரணம் பெரும்பாலும் இறுக்கம் இல்லை, பட்டை உட்கார்ந்திருக்கும் இடம்தான்.

எரிச்சலுக்கு வருவோம். இடுப்பின் முன்பக்கம் இருபுறமும் தடவினால் துருத்திக்கொண்டு ஓர் எலும்பு முனை கைக்குத் தட்டுப்படும். அதற்கு ஓரிரு சென்டிமீட்டர் உள்பக்கமாக, கவட்டை நாணுக்கு அடியில் ஒரு மெல்லிய நரம்பு நுழைந்து தொடையின் வெளிப்புறத் தோலுக்குப் போகிறது. தோலின் உணர்ச்சியைச் சுமப்பது மட்டுமே அதன் வேலை, தசையை அது அசைப்பதில்லை. அந்த இடத்தில் பட்டை மணிக்கணக்கில் அழுத்தினால் நீங்கள் சொல்லும் மரப்பும் எரிச்சலும் வரும். மெரால்ஜியா பரெஸ்தெடிகா என்பது இதன் பெயர். கொஞ்சம் தொப்பை இருப்பவர்களுக்கு வயிறு பெல்ட்டைக் கீழே தள்ளுவதால் பட்டையின் விளிம்பு சரியாக அங்கேயே போய் நிற்கும். சர்க்கரை நோய் இருந்தால் நரம்பு எளிதில் பாதிக்கப்படும். ஆகவே வெறும் வயிற்றில் ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

டிஸ்க் என்றால் கதை வேறு மாதிரி இருக்கும். வலி முதுகில் தொடங்கும், பெரும்பாலும் முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை இறங்கும், இருமினால் சுரீர் என்று இழுக்கும். உங்களுக்கு மரத்த இடம் தொடையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடுகிறதா என்று விரலால் வரைந்து பாருங்கள். பிறகு குதிகாலால் பத்து அடி, முன்பாதத்தால் பத்து அடி நடந்து பாருங்கள். ஒற்றைக் காலால் ஒரு படி ஏறுங்கள். பலம் குறையவில்லை, முதுகுவலியும் இல்லை என்றால் ஸ்கேனுக்கு இப்போது அவசரமில்லை. ஆனாலும் ஒரு மருத்துவர் தொட்டுப் பார்த்து உறுதி செய்வது நல்லது.

இனி பெல்ட். நீங்கள் போடுவது முழு உடல் ஹார்னஸ், அதாவது தோள், நெஞ்சு, இடுப்பு, தொடைப் பட்டைகள் சேர்ந்த பெல்ட். லேபிளில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரக் குறியீடோ இ.என். 361 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடோ இருக்கிறதா என்று பாருங்கள். அது, ஆள் விழுந்தால் தாங்குவதற்கான தரம். சாய்ந்து நின்று இரு கையாலும் வேலை செய்ய இடுப்பின் பக்கவாட்டில் டி ரிங்குகள் (D வடிவ வளையங்கள்) வேண்டும், அதற்கான தரம் இ.என். 358. உட்கார்ந்தபடி தொங்கி வேலை செய்வதானால் வயிற்றுக்கு நேரே ரிங் உள்ள இ.என். 813 தேவை. முதுகு ரிங், ஆள் விழுந்தால் பிடிப்பதற்கு மட்டும்தான். அதில் தொங்கி வேலை பார்த்தால் உடம்பு முன்னால் சாய்ந்து, எடை முழுவதும் கவட்டையில் இறங்கும். ஏணிக் கம்பியில் ஓடும், விழுந்தால் பிடித்து நிறுத்தும் ஃபால் அரெஸ்டரை நெஞ்சு ரிங்கில் மாட்டுங்கள்.

சுகம் என்பது பஞ்சு எவ்வளவு தடிமன் என்பதில் இல்லை. எடையைப் புட்டத்துக்கு அடியில் ஓடும் பட்டை தாங்குகிறதா என்பதே கேள்வி. ஊஞ்சல் பலகையில் உட்காருவதற்கும் ஊஞ்சல் கயிற்றில் இடுப்பைக் கட்டித் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. சிறு பாய்மரப் படகுகளில் ட்ரபீஸ் கம்பியில் மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே சாய்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவர்கள் ஹார்னஸின் கொக்கி முன்வயிற்றில் இருக்கும். உட்காரும் பகுதி தளர்ந்தால் கொக்கிப் பட்டி விலாவுக்கு ஏறிக் குத்தும், இடுப்பு வலிக்கும். அவர்களும் புட்டத்தை அணைத்துப் பிடிக்கும் ஹார்னஸைத்தான் தேடுகிறார்கள்.

அளவு எடுக்கும்போது வேலை உடுப்போடு நெஞ்சு, இடுப்பு, தொடை மூன்றையும் அளந்து கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். 'ஃப்ரீ சைஸ்' உங்கள் இடுப்புக்குப் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம். எடை வரம்பையும் படியுங்கள். 100 கிலோ என்று போட்டிருந்தால் அது ஆளும் உடுப்பும் கருவியும் சேர்ந்த கணக்கு. உங்கள் 86 கிலோவோடு ஷூ, உடுப்பு, ஸ்பேனர்கள் சேர்ந்தால் வரம்பைத் தொட்டுவிடும். 140 கிலோவுக்கு மேல் தாங்கும் மாடல்கள் கிடைக்கின்றன. லேன்யார்டுக்கும் (பெல்ட்டைப் பிடிமானத்தோடு இணைக்கும் கயிறு) ஷாக் அப்சார்பருக்கும் அதே வரம்பு இருக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

போடும் முறை: முதுகு ரிங்கைப் பிடித்துத் தூக்கி உதறுங்கள், பட்டைகள் முறுக்கில்லாமல் விழும். சட்டை போல மாட்டி முதலில் தொடைப் பட்டைகளைப் பூட்டுங்கள், நீங்கள் சொல்லும் கவட்டைப் பட்டை இதுதான். பட்டை, புட்டத்தின் மடிப்புக்கு அடியிலிருந்து வர வேண்டும். விரித்த கை உள்ளே நுழைய வேண்டும், மடக்கிய முஷ்டி நுழையக்கூடாது. இடுப்புப் பட்டை, நான் சொன்ன எலும்பு முனைக்குக் கீழே இறங்காமல் அதற்கு மேலே உட்காரட்டும். நெஞ்சுப் பட்டை நடு நெஞ்சில், முதுகு ரிங் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில். கடைசியாகத் தோள் பட்டைகளைச் சரிசெய்யுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது கவட்டை இழுத்தால் அவை அளவுக்கு மீறிக் குட்டையாகிவிட்டன. இவ்வளவுக்குப் பிறகும் பட்டை நரம்பின் மேல்தான் நிற்கிறது என்றால் அந்த மாடல் உங்கள் உடம்புக்கு ஆகாது.

வாங்குமுன் தொங்கிப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு ஜாண் உயரம், கூட ஒருவர், மூன்று நிமிடம் போதும். தொடை மரத்துப்போனால் உடனே இறங்குங்கள். பெல்ட் வாங்கித் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. ஆகவே அளவையும் இந்தத் தொல்லையையும் எழுதிக் கொடுத்து, மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இப்போதைய பெல்ட்டில் பஞ்சு வைத்துத் தைப்பது, ஓட்டை போடுவது, துண்டைச் சுற்றிச் செருகுவது எதுவும் வேண்டாம். தையல் ஒன்று அறுந்தாலும் பெல்ட் பயனற்றது. உள்ளே முழங்கால் வரை ஒட்டிய, தையல் தடிப்பில்லாத ஷார்ட்ஸ் போட்டால் உராய்வு நன்றாகக் குறையும்.

ஸ்பேனர் பையை இடுப்பில் தொங்கவிடாமல் நாசெல்லில் (டவர் உச்சியிலுள்ள இயந்திர அறை) இருக்கும் செயின் ஹாய்ஸ்டில், அதாவது சங்கிலித் தூக்கியில், ஏற்றுங்கள். இரண்டு வாரம் தரை வேலை கேட்டு வாங்குங்கள். இறுக்கமான ஜீன்ஸ், தோல் பெல்ட் வேண்டாம். எடையில் ஐந்தாறு கிலோ குறைந்தாலே நரம்பின் மேலுள்ள சுமை குறையும். அழுத்தம் விலகினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் நரம்பு வலிக்கென்று பிரீகாபாலின் மாதிரி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மட்டும் ஏறாதீர்கள், அது தலைசுற்றலும் தூக்கமும் தரும்.

சித்திரை, வைகாசி வெக்கையில் நாசெல்லுக்குள் வேர்த்து ஊறி, கவட்டையில் படர்தாமரையும் வரும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும், அதைத் தொடாதீர்கள். பெல்ட்டை மிதமான சோப்பும் சாதாரணத் தண்ணீரும் கொண்டு கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயில் நூலைக் கெடுக்கும்.

இன்னொன்று, இது உங்களோடு ஏறுபவருக்கும் தெரிய வேண்டும். அசையாமல் தொங்கும் ஆளுக்குக் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். நினைவு இருந்தால் கால் வைக்கும் வளையத்தில் மிதித்து எழுந்து நிற்கச் சொல்லுங்கள். மீட்புக் கயிறு தயாராக இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. இறக்கியதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள், மூச்சைக் கவனியுங்கள், 108-ஐ அழையுங்கள். உட்கார வைத்தே பிடித்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை கைவிடப்பட்டுவிட்டது.

காலில் பலம் குறைந்தாலோ, இரு தொடைகளுக்கும் நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். திடீரென விதையில் கடும் வலி வந்தாலும் அப்படியே, ஆறு மணி நேரத்துக்குள். பெல்ட் மாற்றி ஆறு வாரமாகியும் தொடை எரிச்சல் குறையாவிட்டால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அந்த இடத்தில் ஊசி போட்டு வலியைக் குறைக்க முடியும்.