வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் மிளகாய் நாற்று வளர்க்கிறேன், எப்போது உரம் கொடுப்பது, விளக்கை எவ்வளவு நேரம் எரியவிடுவது?

முளைத்துப் பத்து நாள் ஆகிறது, தண்டு நூல் மாதிரி நீண்டு ஒரு பக்கம் சாய்கிறது, நிறம் வெளிறியிருக்கிறது, கையில் 19:19:19 உரம் (தழைச்சத்தான நைட்ரஜன், மணிச்சத்தான பாஸ்பரஸ், சாம்பல் சத்தான பொட்டாஷ் மூன்றும் சம அளவில் உள்ளது) இருக்கிறது, எவ்வளவு போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த உரப் பொட்டலத்தை மூடி அலமாரியில் வையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பசி இல்லை, இருட்டு.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நான் இதே தப்பைச் செய்து ஒரு தட்டு நாற்றைக் கொன்றவன். ஐம்பது குழி உள்ள குழித்தட்டு, நாற்பத்து மூன்று முளைத்தன. ஒரு வாரத்தில் எல்லாம் நெடுநெடுவென்று வளர்ந்து வெளிறி நின்றன. ‘பாவம், பசிக்கிறது போல’ என்று பொட்டலத்தில் பெரிய செடிக்குப் போட்டிருந்த அளவை அப்படியே கரைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள் இலை நுனி பழுப்பாகிச் சுருண்டது. குழி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது, விரலால் தொட்டால் பொடிப்பொடியாக வந்தது. அதையும் பசி என்றே நினைத்து இன்னொரு தடவை ஊற்றினேன். கடைசியில் மிஞ்சியது ஏழு.

விதைக்குள்ளேயே கட்டுச்சோறு இருக்கிறது. முதலில் விரியும் அந்த இரண்டு நீள இலைகள் வித்திலைகள். அவற்றில் இருக்கும் சேமிப்பும், அவை பச்சையாகித் தயாரிக்கும் உணவும் முதல் பத்துப் பதினைந்து நாளுக்குப் போதும். அந்த நேரத்தில் வேர் என்பது இரண்டு மூன்று மெல்லிய இழைகள். அதைச் சுற்றி உப்புச் செறிவு கூடினால் வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். ஈரத்திலேயே நின்றுகொண்டு செடி தாகத்தில் கருகும். உரம் அதிகமானால் வரும் கருகல் பெரும்பாலும் இதுதான்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். நம் கண்ணை நம்பக் கூடாது. அறை பளிச்சென்று இருக்கிறது என்று நமக்குத் தோன்றும், செடிக்கு அது அந்தி நேரம். கைப்பேசியில் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, கைப்பேசியை இலை மட்டத்தில் மல்லாக்க வைத்துப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் நிலவரம் புரியும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். என் 9 வாட் எல்.இ.டி பல்பு 60 செ.மீ. உயரத்தில் தொங்கியபோது இலை மேல் 300 லக்ஸ்கூட விழவில்லை. 15 செ.மீ.க்கு இறக்கினேன், 4,000 காட்டியது. ஒற்றை பல்பு என்றால் தூரத்தை நாலில் ஒரு பங்காக்கும்போது வெளிச்சம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். உங்கள் விளக்கையும் முதலில் கீழே இறக்குங்கள். காசில்லாமல் செய்யக்கூடிய முதல் வைத்தியம் அதுதான்.

ஆனால் 4,000 போதாது. முளைத்த முதல் வாரத்தில் 7,000 முதல் 10,000 லக்ஸ், நிஜ இலைகள் (வித்திலைகளுக்கு அடுத்து வருபவை) வந்த பிறகு 14,000 பக்கம் இருந்தால் நாற்று குட்டையாக, தடித்த தண்டோடு வரும். விளக்கு விற்பவர்கள் இதை மைக்ரோமோல் கணக்கில், அதாவது செடி பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவாகச் சொல்வார்கள். வெள்ளை எல்.இ.டி.க்கு லக்ஸை 70ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அந்த எண் வந்துவிடும்: 14,000 லக்ஸ் என்றால் 200. ஊதா நிறத்தில் எரியும் விளக்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தனியாக ‘செடி விளக்கு’ வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. நான் இரண்டாவது தடவை சாதாரண வெள்ளை எல்.இ.டி குழல்விளக்கு நாலை நெருக்கமாகக் கட்டி, இலைக்கு 10 செ.மீ. மேலே சங்கிலியில் தொங்கவிட்டேன். செடி வளர வளர சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக ஏற்றினேன். அதிக வாட் உள்ள பலகை விளக்கு என்றால் அவ்வளவு கிட்டத்தில் வைக்காதீர்கள், 40-50 செ.மீ.யில் தொடங்கி அளந்து இறக்குங்கள். இலை ஓரம் மேல்நோக்கி மடங்கினாலோ உச்சி வெளுத்தாலோ வெளிச்சம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

நேரம் 14 முதல் 16 மணி. டைமர் போட்டுவிடுங்கள், ஞாபகத்தை நம்பினால் நடக்காது. ‘இருபத்துநாலு மணி நேரமும் எரியவிட்டால் வேகமாக வளருமே’ என்று யாராவது சொல்வார்கள். தக்காளியில் அதைச் செய்தால் இலை நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் பூக்கும். அப்புறம் அதையும் பசி என்று நினைத்து உரம் ஊற்றத் தோன்றும். இருட்டும் செடிக்கு வேண்டும். 16 மணி நேரம் கொடுத்தால் பூப்பது தள்ளிப்போகுமோ என்ற பயமும் வேண்டாம். சாமந்தி மாதிரி பகல் குறையும்போது பூக்கும் செடிகளுக்குத்தான் அந்தக் கவலை. மிளகாயும் தக்காளியும் வயதுக்கு வந்ததும் பூக்கும்.

இனி உரம். எதில் விதைத்தீர்கள் என்று எழுதவில்லை, அதில்தான் பாதி பதில் இருக்கிறது. மண்புழு உரமோ மட்கிய எருவோ கலந்த கலவை என்றால் மூன்று நான்கு வாரம் எதுவுமே வேண்டாம். வெறும் தேங்காய் நார்க்கழிவு என்றால் அதில் சத்து என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. போதாததற்கு சுண்ணாம்புச் சத்தையும் (கால்சியம்) மக்னீசியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படியானால் இரண்டாவது ஜோடி நிஜ இலை விரியும்போது தொடங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிராம் 19:19:19. அதில் லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் தழைச்சத்து வரும், நாற்றுக்கு அதுவே விருந்து. ஒரு வாரம் கழித்து அரை கிராம். ஒரு தடவை உரத் தண்ணீர், அடுத்த தடவை வெறும் தண்ணீர். சமையலறைக் கரண்டியால் கால் கிராம் அளக்க முடியாது. ஐந்து கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து 50 மில்லி எடுத்து ஒரு லிட்டர் ஆக்குங்கள், கணக்கு சரியாக வரும்.

19:19:19இல் சுண்ணாம்புச் சத்து கிடையாது. நார்க்கழிவில் வளர்ப்பவர்கள் பத்து நாளுக்கு ஒரு முறை கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம் தனியாகக் கொடுக்கலாம். இரண்டையும் கெட்டியான கரைசலாக ஒன்றாகக் கலந்தால் மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும். வெறும் யூரியாவை மட்டும் நார்க்கழிவு நாற்றுக்குக் காட்டவே காட்டாதீர்கள்.

தண்ணீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாற்று சாவது அதிகமும் அதனால்தான். தட்டை ஒரு ஓரமாகத் தூக்கிப் பாருங்கள். கனத்தால் விட்டுவிடுங்கள், லேசாக இருந்தால் அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேல் மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் தண்டு மண் மட்டத்தில் கிள்ளியது போல் ஒடுங்கி, காலையில் பார்க்கும்போது படுத்திருக்கும். இதுதான் நாற்றழுகல் நோய், அது வந்த செடியைக் காப்பாற்ற முடியாது. ஒரு சின்ன மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் மேல் மண் காயும், ஆட்டத்தில் தண்டும் உறுதியாகும். நான் போகும்போது வரும்போது உள்ளங்கையால் நாற்றுகளின் உச்சியைத் தடவிவிட்டுப் போவேன். வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் இப்படித் தொட்டு அசைப்பது செடியைக் குட்டையாகவும் தடிப்பாகவும் ஆக்கும் என்பது உண்மை.

ஏற்கெனவே நீண்டுவிட்டவை குட்டையாகாது. தக்காளியாக இருந்தால் வித்திலை வரை ஆழப் புதைத்துவிடலாம், புதைந்த தண்டிலேயே வேர் விடும். மிளகாய் அவ்வளவு தாராளம் இல்லை. சுற்றிக் கொஞ்சம் மண் அணைத்து, ஒரு பல்குச்சியை முட்டுக் கொடுத்து, இன்றைக்கே விளக்கை இறக்குங்கள். அடுத்து வரும் இலை முந்தையதைவிடக் கிட்டத்தில், கரும்பச்சையாக வந்தால் சரியாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஐந்தாறு நாளில் தெரிந்துவிடும்.

பிறகு வெளியே வைக்கும்போது நேராக வெயிலில் வைத்துவிடாதீர்கள். 14,000 லக்ஸில் வளர்ந்த இலை ஒரு லட்சத்தைப் பார்த்தால் ஒரே மதியத்தில் காகிதம் மாதிரி வெளுத்துவிடும். முதல் நாள் நிழலில் அரை மணி நேரம், அடுத்த நாள் ஒரு மணி நேரம் என்று ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.