இங்கிலாந்துப் பப்பில் காஸ்க் ஏல் விற்பது கட்டுப்படியாகுமா?

லீட்ஸ் பக்கம் ஒரு பப்பைக் குத்தகைக்கு எடுக்க இருப்பதாகவும், பீப்பாயிலேயே நொதித்துப் பதமாகும் பியரான காஸ்க் ஏலுக்கு மவுசு கூடிவருவதால் அதை இழுத்து ஊற்ற ஆறு கைப்பம்புகள் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஷெஃபீல்டில் ஒரு பப்பின் நிலவறையைக் கவனித்துக்கொள்பவன் நான். காஸ்க் ஏலைக் கட்டாயம் வையுங்கள். ஆனால் ஆறு வேண்டாம், இரண்டில் தொடங்குங்கள்.

கணக்கைப் பாருங்கள். பப்களுக்கு வழக்கமாக வரும் பீப்பாய் ஃபர்கின் எனப்படுவது. 9 காலன், அதாவது 72 பைண்ட் கொள்ளும் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்றே கூடுதல்). அடியில் தங்கும் மண்டி போனால் 70க்கும் கொஞ்சம் குறைவாகவே விற்கக் கிடைக்கும். திறந்த பீப்பாயை மூன்று நாளில் காலி செய்ய வேண்டும். அப்படியானால் ஒரு பம்புக்கு நாளொன்றுக்கு 23 பைண்ட் ஓட வேண்டும். ஆறு பம்புகளுக்கு 138. சனிக்கிழமை இரவு இது நடக்கும். மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை யார் வந்து குடிப்பார்கள்?

மூன்று நாள் கெடு ஏன் என்றால், இந்தப் பியருக்கு உயிர் இருக்கிறது. கெக் என்ற கலனில் வரும் பியர் பெரும்பாலும் வடிகட்டப்பட்டு, சூடாக்கிக் கிருமி நீக்கப்பட்டு, கரியமில வாயுவின் அழுத்தத்தில் மூடிய பாத்திரத்திலிருந்து வெளியே தள்ளப்படுகிறது. காஸ்க்கில் ஈஸ்ட் அப்படியே இருக்கிறது. பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் பீப்பாய்க்குள் நொதித்தல் தொடர்கிறது. கைப்பம்பை இழுக்க இழுக்க, வெளியேறிய பியரின் இடத்தில் காற்று புகுகிறது. முதலில் அந்தக் காற்று சுவையை மெருகேற்றும். நாலாம் நாள் அதுவே பியரைச் சப்பென்றாக்கிப் புளிப்பேற்றும். நம் ஊர்க் கள்ளுக்கு இருக்கும் அதே அவசரம் இதற்கும் உண்டு.

புளித்த பைண்ட் கிடைத்த வாடிக்கையாளர் பெரும்பாலும் சண்டை போடுவதில்லை. பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவார், அடுத்த முறை கெக்கில் வரும் லாகர் பியர் கேட்பார். நண்பர்களிடம் ‘எனக்கு ஏல் பிடிக்காது’ என்பார். அவர் நல்ல ஏலைக் குடித்ததே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். நீண்ட பம்பு வரிசையைக் காட்டிப் பெருமைப்பட்ட பப்கள் பல இப்படித்தான் தங்கள் வாடிக்கையாளர்களை இழந்தன.

மவுசு கூடுகிறது என்பது பாதி உண்மை. 1960களில் பெரிய பியர் ஆலைகள் ரெட் பேரல் போன்ற கெக் பியர்களை நாடெங்கும் பரப்பியபோது காஸ்க் ஏல் அழிந்துவிடும் போலிருந்தது. 1971இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய காம்ரா இயக்கம் அதைத் தடுத்தது. 2002இல் சிறிய ஆலைகளுக்கு வரிச் சலுகை வந்ததும் புதிய ஆலைகள் மளமளவென்று முளைத்தன. வடிகட்டும் எந்திரமோ புட்டியில் அடைக்கும் எந்திரமோ வாங்காமல் தொழிலைத் தொடங்க அவர்களுக்குக் காஸ்க்தான் வழி. ஆனால் அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதுமான காஸ்க் விற்பனை இறங்குமுகம்தான். கொவிட் ஊரடங்கில் பப்கள் மூடியபோது ஏராளமான பியர் சாக்கடைக்குப் போனது. நன்றாகப் பராமரிக்கும் பப்களுக்கு மட்டும் கூட்டம் தேடி வருகிறது. எங்கள் ஊரின் கெல்ஹாம் ஐலண்ட் பகுதியே சாட்சி. தொழிற்சாலைகள் நொடித்த அந்தப் பகுதியில் 1981இல் ஃபேட் கேட் என்ற பப் திறக்கப்பட்டது. 1990இல் அதை ஒட்டியே ஒரு சிறு ஆலையும் எழுந்தது. அந்த ஆலையின் பேல் ரைடர் 2004இல் பிரிட்டனின் சாம்பியன் பியர் ஆனது. ஆலை 2022இல் மூடப்பட்டாலும், நல்ல ஏல் குடிக்க அந்தத் தெருக்களுக்கு இன்றும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

நிலவறை வேலையை ஆளிடம் விட்டுவிடாமல் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். வெப்பநிலை 11 முதல் 13 டிகிரிக்குள் நிற்க வேண்டும். வந்த பீப்பாயைத் தாங்கியில் கிடத்தி, அசையாதபடி முட்டுக் கொடுங்கள். பிறகு மேலே உள்ள அடைப்பில் மென்மரக் குச்சியைச் செருகினால் அடைபட்ட வாயு நுரைத்துக்கொண்டு வெளியேறும். நுரை அடங்கியதும் அதை எடுத்துவிட்டு வன்மரக் குச்சி. குழாயை ஒரே அடியில் இறக்க வேண்டும், தயங்கித் தட்டினால் பியர் முகத்தில் பீச்சியடிக்கும். அதன் பிறகு தெளியும்வரை காத்திருக்க வேண்டும், ஒரு நாளோ இரண்டு நாளோ. டிமோத்தி டெய்லர் ஆலையின் லேண்ட்லார்ட் போன்ற துடிப்பான ஏல்களுக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். கூட்டம் நெருக்குகிறது என்று கலங்கலாக ஊற்றவே ஊற்றாதீர்கள். பியர் வரும் குழாய்களை வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஏலைத் தெளிய வைக்கப் பெரும்பாலும் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைச் சேர்க்கிறார்கள். சைவ வாடிக்கையாளர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அது சேர்க்காத ஏல்களும் கிடைக்கின்றன, கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

கையெழுத்திடும் முன் குத்தகைப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பல பப்களில் கட்டட உரிமையாளரான நிறுவனத்திடமே பியர் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். வெளிச்சந்தையைவிட விலை கூடுதலாக இருக்கும், உள்ளூர்ச் சிறு ஆலைகளிடம் வாங்க முடியாது. ஒரு பம்புக்காவது வெளியில் வாங்கும் உரிமையைப் பேசிப் பெறுங்கள். விலையிலும் கூச்சம் வேண்டாம். இவ்வளவு உழைப்பு கோரும் காஸ்க் ஏலை, மூடியைத் திருகினால் ஓடும் கெக் பியரைவிட மலிவாக விற்கும் பழக்கம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

முதல் பம்பில் ஆண்டு முழுவதும் மாறாத ஒரு யார்க்‌ஷயர் பிட்டர் (கசப்பு தூக்கலான ஏல்), ஆல்கஹால் 4 சதவீத அளவில். இரண்டாவதில் பக்கத்து ஆலைகளின் வெளிர்நிற ஏல்களை மாற்றி மாற்றி வையுங்கள், குளிர்காலத்தில் மைல்டு என்ற கசப்பு குறைந்த கறுப்பு ஏலுக்கும் இடம் கொடுங்கள். லீட்ஸ்காரர்களுக்குக் கெட்டியான நுரை வேண்டும், எனவே பம்பின் மூக்கில் சிறுதுளை மூடியை மாட்ட மறக்காதீர்கள். இரண்டு பீப்பாய்களும் செவ்வாய், புதன்களில்கூடக் கெடுவுக்குள் காலியாகத் தொடங்கினால் மூன்றாவது பம்பைப் பொருத்துங்கள்.