தம்பிக்கு வெள்ளி சரக்கு, உங்களுக்கு?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 38. கணவர் வேன் ஓட்டுகிறார். ஒரே மகள், அவளுக்கு எட்டு வயது. இந்த மாதம் சீட்டு முடிந்து ஐந்து லட்சம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. என் தம்பி சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். "முழுப் பணத்துக்கும் கட்டி வெள்ளி வாங்கிப் போடு அக்கா, பாப்பா கல்யாணத்துக்குள் விலை எங்கேயோ போயிருக்கும். பில் இல்லாமல் வாங்கித் தருகிறேன், ஜிஎஸ்டியும் மிச்சம்" என்கிறான். கணவரோ வாங்கினால் தங்கம்தான் என்கிறார். நீண்ட காலத்துக்கு வெள்ளி நல்ல முதலீடா சார்?
– வாசகி, ஏற்காடு

பதில்: உங்கள் தம்பி சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர் தன் இடத்தில் நின்று பேசுகிறார். அவருக்கு ஒரு கிலோ கட்டி என்பது சரக்கு. இன்று வாங்கினால் நாளைக்கே மூசையில் போட்டு உருக்கிக் கம்பி இழுத்துக் கொலுசாக்கிவிடலாம். டச் (நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற கணக்கு) எவ்வளவு, யாரிடம் தள்ளினால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதே கட்டி உங்கள் பீரோவுக்குள் போனால் கதை வேறு. அங்கே அது சும்மா இருக்கும். நீங்கள் வேலை பார்க்கும் எஸ்டேட்டில் காபிச் செடி வருடா வருடம் பழம் தருகிறது. சில்வர் ஓக் மரம்கூட மிளகுக் கொடிக்குத் துணையாக நின்றுகொண்டே தானும் வளர்கிறது. சில்வர் மட்டும் வளராது. ஒரு கிலோ வாங்கினால் பதினைந்து வருடம் கழித்தும் ஒரு கிலோதான். வட்டி இல்லை, டிவிடெண்ட் இல்லை. விலை ஏறினால்தான் லாபம்.

விலை ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறியிருக்கிறது, பிரமாதமாகவே ஏறியிருக்கிறது. 2015 கடைசியில் கிலோ 34,000 ரூபாய் பக்கம் இருந்த வெள்ளி, அக்டோபர் 2025-ல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. பத்து வருடத்தில் நாலு மடங்குக்கு மேல். உங்கள் தம்பி மனதில் இருப்பது இந்தக் கணக்குதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது என்னுடையது. ஏப்ரல் 2011-ல் வெள்ளி கிலோ 73,000 ரூபாய் வரை போனது. டீக்கடையில், பேருந்தில், கோயில் வாசலில் எல்லாம் வெள்ளிப் பேச்சு. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிற நான், அந்த மாதக் கடைசியில் 71,000 ரூபாய் கொடுத்து ஒரு கிலோ கட்டி வாங்கினேன். மே முதல் வாரத்திலேயே உலகச் சந்தையில் விலை கால் பங்குக்கு மேல் சரிந்தது. சரி, நீண்ட காலம் வைத்திருப்போம் என்று நியூஸ் பேப்பரில் சுற்றி பீரோவில் வைத்தேன். 2015 டிசம்பரில் மகன் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. எடுத்துப் பார்த்தால் பேப்பர் பழுப்பேறி, கட்டி கருப்பாக இருந்தது. சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு கடையில் அடியில் துளை போட்டுத் தூள் எடுத்து, டச் பார்த்து, கழிவு போக 32,500 ரூபாய் எண்ணிக் கொடுத்தார்கள். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அன்றைய விலையே அவ்வளவுதான். நான் விற்காமல் வைத்திருந்தாலும், வாங்கிய விலையை மறுபடி பார்க்க 2020 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். ஒன்பது வருடத்துக்கு மேல். அதற்கும் மேலே போய் 2025 அக்டோபர் வரை பொறுத்திருந்தால்? ஒன்றரை லட்சம் என்றே வையுங்கள், ஆண்டுக்கு ஐந்து சொச்சம் சதவீதம். வங்கி எஃப்டி அதைவிட நன்றாகக் கொடுத்திருக்கும்.

அதே உலோகம், அதே ஊர். நுழைந்த மாதம்தான் வேறு. வெள்ளியில் 'நீண்ட காலம்' என்ற சொல் தங்கத்தில் போலக் காப்பாற்றுவதில்லை. 1980 ஜனவரியில் அமெரிக்காவில் ஹன்ட் சகோதரர்கள் என்ற கோடீஸ்வரர்கள் சந்தையில் கிடைத்த வெள்ளியையெல்லாம் வளைத்துப் போட்டதில் ஓர் அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) விலை 50 டாலரைத் தொட்டது. இறங்க ஆரம்பித்த விலை அதே வருட மார்ச்சில் ஒரே வியாழக்கிழமையில் மேலும் சரிந்து 11 டாலருக்குக் கீழே போனது. அந்த உச்சத்தை 2011-ல் மறுபடி எட்டிப் பார்த்தது, உறுதியாகத் தாண்டியதோ 2025 அக்டோபரில்தான். நாற்பத்தைந்து வருடம்! நமக்கு அந்த வலி முழுதாகத் தெரியாததற்குக் காரணம் ரூபாய். 1980-ல் எட்டு ரூபாயாக இருந்த டாலர் 2025 கடைசியில் எண்பத்தெட்டு, தொண்ணூறு என்று நின்றது. 1980-லிருந்து பார்த்தால், நாம் வெள்ளி லாபம் என்று நினைப்பதில் பெரும் பங்கு ரூபாய் தேய்ந்த கணக்கு.

ஏன் இப்படிக் குதிக்கிறது? தங்கத்தை மத்திய வங்கிகள் வாங்கிச் சேர்க்கின்றன. வெள்ளிக்கு அப்படி ஒரு பெரிய கை இல்லை. உலகில் விற்கும் வெள்ளியில் பாதிக்கு மேல் தொழிற்சாலைக்குப் போகிறது. சோலார் பேனல், மின்னணுச் சாதனம், மின்சார வாகனம் என்று. ஆகவே தொழில் படுத்தால் வெள்ளியும் படுக்கும். கொரோனா வந்த மார்ச் 2020-ல் தங்கம் ஓரளவு தாக்குப்பிடித்தது, வெள்ளி 12 டாலருக்கும் கீழே போனது. இன்னொரு பக்கம், வெள்ளிக்கென்று தனியாகத் தோண்டும் சுரங்கம் குறைவு. பெரும்பாலும் ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கும்போது கூடவே வருவதுதான். விலை ஏறியது என்பதற்காக உடனே கூடுதலாகத் தோண்டி எடுக்க முடியாது. அதனால் தேவை கொஞ்சம் கூடினாலும் விலை துள்ளும். சோலாரை நம்பி வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விலை ஏற ஏற, பேனல் தயாரிப்பவர்கள் வெள்ளியைக் குறைத்துச் செம்புக்கு மாற வழி தேடுகிறார்கள். போதாததற்கு நம் அரசின் இறக்குமதி வரி வேறு. ஜூலை 2024 பட்ஜெட்டில் அதை 15 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினார்கள். அன்றைக்கே உள்ளூர் விலை மளமளவென்று இறங்கியது.

இப்போது வாங்கி விற்கும் செலவுக்கு வருவோம். கணக்குக்கு எளிதாக, கிலோ ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை போட்ட 999 கட்டி (99.9 சதவீதம் சுத்தம்) வாங்கினால் ஜிஎஸ்டி 3,000 ரூபாய். கடைக்காரர் மேலே ஒன்றிரண்டு சதவீதம் வைப்பார். விற்கப் போனால் இரண்டு, மூன்று சதவீதம் கழிப்பார். ஆக, விலை ஆறிலிருந்து எட்டு சதவீதம் ஏறினால்தான் நீங்கள் போட்ட பணத்தையே திரும்பப் பார்ப்பீர்கள். கட்டிக்கே இப்படி. கொலுசோ, விளக்கோ, தட்டோ வாங்கி 'முதலீடு' என்று பெயர் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். கொலுசில் ஒவ்வொரு கண்ணிக்கும் பற்றாசு (ஒட்டவைக்கும் கலப்பு உலோகம்) வைத்து ஊதியிருப்பார்கள், டச் அங்கேயே இறங்கும். 75 டச் கொலுசு 200 கிராம் விற்கப் போனால், அதில் உள்ள 150 கிராம் வெள்ளிக்குத்தான் காசு. அதிலும் உருக்கும்போது அழுக்கு, கழிவு போகும். கொடுத்த செய்கூலி போனது போனதுதான். எங்கள் அம்மாவின் குத்துவிளக்கை ஒருமுறை டச் பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தோம். வாங்கியபோது "நயம் வெள்ளி" என்று சொல்லிக் கொடுத்தது. மெஷின் தந்த சீட்டில் 62 என்று வந்தது. அம்மா அந்தச் சீட்டை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "விளக்கு எரியுதில்ல, போதும்" என்றார்.

2025 நிலவரப்படி வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. ஆனால் செப்டம்பர் 1, 2025 முதல் ஹால்மார்க் போடும் வெள்ளி நகைக்கும் தங்கத்தைப் போலவே எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாளக் குறியீடு, வருகிறது. வெள்ளி நகை எது வாங்கினாலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

தம்பி சொன்ன 'பில் இல்லாமல்' விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், வேண்டாம். லட்சத்துக்கு மூவாயிரம் மிச்சம் என்று தோன்றும். பதினைந்து வருடம் கழித்து விற்கும்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்கு ஆதாரம் இருக்காது. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வெள்ளியை விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்கு முன் விற்றால் உங்கள் வருமான வரம்புக்கு ஏற்ற வரி. வாங்கிய விலையைக் காட்ட முடியாதபோது எது லாபம் என்பதே வழக்காகிவிடும். வீட்டில் திருட்டுப் போனால் புகார் எழுதக்கூடக் காகிதம் இருக்காது. ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்க விற்பவருக்குச் சட்டத்தில் இடமில்லை, அதையும் தம்பியிடம் சொல்லுங்கள்.

எடையையும் யோசியுங்கள். வெள்ளியைவிட எண்பது மடங்கு விலையில் தங்கம் இருந்தால், அதே மதிப்புக்கு வெள்ளி எண்பது மடங்கு கனம், இடமோ கிட்டத்தட்ட நூற்றைம்பது மடங்கு அடைக்கும். தங்கம் குங்குமச் சிமிழில் அடங்கும், வெள்ளிக்கு லாக்கர் வேண்டும். அந்த லாக்கர் வாடகையும் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும். ஏற்காட்டு ஈரத்துக்குச் சீக்கிரம் கறுக்கும், அதனால் எடை ஒன்றும் குறையாது, பயப்பட வேண்டாம். தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினால்தான் குறையும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: அவசரத்துக்குக் கட்டி வெள்ளியை வங்கியில் அடகு வைக்க முடியாது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளின்படி, ஏப்ரல் 2026-க்குள் நடைமுறைக்கு வரும் வகையில், வெள்ளி நகை பத்து கிலோ வரை, நாணயம் 500 கிராம் வரை அடகுக்கு எடுத்துக்கொள்ளலாம். கட்டிக்கு அனுமதி இல்லை. உங்கள் கணவர் தங்கம் என்று சொல்வதற்கு இது ஒரு நியாயமான காரணம். தங்க நகையை எந்தத் தெருமுனையிலும் வைத்து ஒரு மணி நேரத்தில் பணம் வாங்கலாம். ஆனால் அவரும் முழுப் பணத்தையும் தங்கத்தில் போடச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். நம் சேலத்தில் வெள்ளி விலை உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் பட்டறைகளில் வேலை குறையும். வியாபாரி எடை போட்டு வெள்ளி கொடுத்து, பட்டறை கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவதுதான் பெரும்பாலும் நடைமுறை. விலை இரட்டிப்பானால் அதே பணத்துக்குப் பாதி வெள்ளிதான் கிடைக்கும், ஆர்டரும் சுருங்கும். அப்போது தம்பிக்குக் கை கடிக்கும். அக்கா வீட்டில் கட்டி வெள்ளி சும்மா கிடப்பது அவருக்குத் தெரியும். "ஒரே மாசம் கொடு அக்கா, ஆர்டர் முடிஞ்சதும் திருப்பித் தந்துடறேன்" என்று நல்ல மனதோடுதான் கேட்பார். கொடுக்காமல் இருக்க உங்களால் முடியுமா? விலை ஏறி நீங்கள் விற்க நினைக்கும் மாதமும், அவர் கேட்டு வரும் மாதமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

சரி, என்னதான் செய்வது? முதலில் உங்கள் வீட்டின் ஆறு மாதச் செலவை எஃப்டியில் தனியாக வையுங்கள். வேன் ஓடாத மாதமும் வரும். அடுத்து, மகளுக்கு எட்டு வயது என்கிறீர்களே, பத்து முடிவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் திறந்தாக வேண்டும். அதற்குப் பிறகு முடியாது. வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம், 2025 நிலவரப்படி வட்டி 8.2 சதவீதம், வட்டிக்கு வரி இல்லை. அவளுக்குப் பதினெட்டு ஆனதும் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம், திருமணத்துக்கு முழுதாகவே முடித்துக்கொள்ளலாம். நீங்கள் வெள்ளியிடம் எதிர்பார்ப்பதை இது எழுத்தில் தருகிறது. இந்த வருடம் ஒன்றரை லட்சம், அடுத்த வருடம் ஒன்றரை லட்சம் என்று போடுங்கள். மிச்சத்தை ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (நாட்டின் ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளில் பணம் போடும் ஃபண்ட்) மாதாமாதம் பிரித்துப் போடலாம்.

வெள்ளி மேல் ஆசை இருந்தால் நாற்பது, ஐம்பதாயிரம். அதற்கு மேல் வேண்டாம், அதையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு இருந்தால் சில்வர் இடிஎஃப் வாங்குங்கள், அதாவது பங்குச் சந்தையில் யூனிட்டாக வாங்கி விற்கும் வெள்ளி ஃபண்ட். நம் நாட்டில் 2022 ஜனவரி முதல் இருக்கிறது. ஜிஎஸ்டி இல்லை, டச் பார்க்கும் தலைவலி இல்லை, தம்பி கடன் கேட்கவும் முடியாது. ஒரு வருடம் தாண்டினாலே 12.5 சதவீத வரிக்கு வந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும். அக்டோபர் 2025-ல் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தபோது, இடிஎஃப் யூனிட்டுகள் உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பைவிட அதிக விலைக்குக் கைமாறின. சில ஃபண்ட் நிறுவனங்கள் வெள்ளி ஃபண்டுகளில் புதுப் பணம் வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்தின. ஊரே வெள்ளி பேசும் வாரத்தில் வாங்காதீர்கள்.

பாப்பாவுக்குக் கொலுசு வேண்டுமென்றால் தம்பியிடமே செய்யச் சொல்லுங்கள். நல்ல டச்சில், முத்து அதிகம் வைக்காமல். அதை முதலீட்டுக் கணக்கில் எழுத வேண்டாம். செல்வமகள் கணக்குக்குத் தபால் அலுவலகம் போகும்போது மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் அட்டை, இரண்டு புகைப்படம் எடுத்துப் போங்கள்.