பண்டிகைக் காலப் பட்டாசு விற்பனையை அனுமதித்தால் அரசின் பட்ஜெட்டுக்கு லாபமா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறு நகராட்சியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே பட்டாசுச் சட்டம் மாறியபோது எங்கள் நகர மன்றத்திலும் இதே கேள்வி வந்தது. பணம் வரும், ஆனால் செலவு செய்கிறவர் பைக்கு வராது என்று அன்று சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

'விற்பனையை அனுமதிப்பது' என்றதும் அதுவரை விற்பனையே நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஒஹாயோவில் பட்டாசுக் கடைகள் நெடுங்காலமாகவே இருந்தன. வாங்கியதை 48 மணி நேரத்துக்குள் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுவேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்ட கையோடு வீட்டுக்குப் போய்ப் புழக்கடையில் கொளுத்துவார்கள். அதற்குப் 'பொய்யர் சட்டம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. 2021 நவம்பரில் ஆளுநர் மைக் டிவைன் ஒப்புதல் தந்த சட்டம், 2022 ஜூலை 1 முதல் குறிப்பிட்ட பண்டிகை நாட்களில் வீட்டிலேயே வெடிக்கலாம் என்றது.

இப்போது கணக்கைப் பாருங்கள். விற்பனை வரி முன்பும் வந்துகொண்டிருந்தது. வெடிச் சத்தமும், அதன் பின்னால் ஓடும் செலவும்கூட முன்பே இருந்தவைதான். புதிதாகச் சேர்ந்தது சில்லறை விற்பனைத் தொகையில் 4 சதவீதக் கட்டணம். நூறு டாலருக்கு விற்றால் நான்கு டாலர். அதிலும் பெரும்பகுதி தீயணைப்பு வீரர்களின் பயிற்சிக்கு என்று சட்டமே ஒதுக்கிவிட்டது. நல்ல செலவுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை வைத்துப் பள்ளம் விழுந்த சாலையைச் சரிசெய்ய முடியாது.

நகராட்சிக்கு என்ன கிடைக்கிறது? ஒஹாயோவில் நகராட்சிகளுக்கு விற்பனை வரி கிடையாது. மாநிலம் 5.75 சதவீதம் எடுக்கிறது, அதன்மேல் மாவட்ட நிர்வாகம் தன் பங்கைப் போடுகிறது. நாங்கள் பிழைப்பது பெரும்பாலும் உள்ளூர் வருமான வரியில். ஆகவே ஊருக்குள் ஒரு பட்டாசுக் கடை வந்தால், அங்கே வேலை செய்பவர்களின் சம்பளத்திலும் கடையின் லாபத்திலும் ஒரு துளி எங்களுக்கு வரும். செலவோ முழுக்க எங்கள் தலையில். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 விடுமுறை நாள் என்பதால் காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் ஓவர்டைம், மறுநாள் தெருக்களைப் பெருக்கும் வேலை, குப்பைத் தொட்டியில் பிடித்த தீ, நள்ளிரவுவரை ஓயாத புகார் அழைப்புகள். பேரேட்டில் 'பட்டாசு' என்று ஒரு தலைப்பே கிடையாது. ஒரு முறை அதைப் பிரித்தெடுக்க முயன்றேன். எந்த ஓவர்டைம் பட்டாசுக்காக, எது குடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்காக என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வேண்டாம் என்றால் உள்ளூரில் தடை போட்டுக்கொள்ளலாம். கொலம்பஸ், சின்சினாட்டி போன்ற பெருநகரங்கள் அப்படித்தான் செய்தன. அங்கே பக்கத்து ஊர்க் கடையில் வாங்கி வந்து வெடிப்பவர்களைத் துரத்துவதும் அந்த நகரங்களின் செலவே.

பெரிய வரியாகப் போட்டால் நிலைமை மாறுமா? பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா 2017இல் பட்ஜெட்டில் விழுந்த துண்டை அடைக்கத் தேடிய வழிகளில் பட்டாசும் ஒன்று. வழக்கமான 6 சதவீத விற்பனை வரிக்கு மேல் 12 சதவீதம். அந்த 12 சதவீதத்தில் ஒரு கோடி டாலர் வர வேண்டுமானால் எட்டு கோடிக்கும் மேல் விற்க வேண்டும். அப்படியே வந்தாலும் அப்போதைய சுமார் 3,200 கோடி டாலர் பட்ஜெட்டில் அது பத்தாயிரத்தில் மூன்று பங்கு. துண்டு அடைபடுமா, சொல்லுங்கள்.

எல்லையை ஒட்டிய மாநிலங்களுக்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு. மாசசூசெட்ஸில் கம்பி மத்தாப்புக்கூடத் தடை. மக்கள் காரை எடுத்துக்கொண்டு விற்பனை வரியே இல்லாத நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய் வாங்குகிறார்கள். இத்தகைய இடத்தில் அனுமதி கொடுத்தால் வெளியே ஓடும் பணத்தில் கொஞ்சம் திரும்பி வரும். என் பார்வையில் உண்மையான புது வரவு இது ஒன்றுதான்.

நஷ்டத்தைப் பேசும்போது நாடு முழுவதுக்குமான எண்களை அள்ளி வீசுவார்கள். 2018இல் பட்டாசால் ஏறத்தாழ 19,500 தீ விபத்துகள், 10.5 கோடி டாலர் சொத்துச் சேதம் என்பது தேசியத் தீத் தடுப்புச் சங்கத்தின் மதிப்பீடு. அந்தச் சேதத்தை அரசு கொடுப்பதில்லை; வீட்டுக்காரரும் காப்பீட்டு நிறுவனமும் சுமக்கிறார்கள். பட்ஜெட்டைக் கவிழ்ப்பது எப்போதாவது வரும் ஒற்றைச் சம்பவம். 2017இல் ஓரிகனில் 15 வயதுப் பையன் எறிந்த வெடியால் பற்றிய ஈகிள் கிரீக் காட்டுத்தீ சுமார் 48,000 ஏக்கரைத் தின்றது. அவன் 3.66 கோடி டாலர் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். பத்தாண்டுகள் ஒழுங்காகக் கட்டிவந்தால் அதன்பின் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னது. மீதியை யார் தலையில் எழுதுவது என்று எந்தக் கணக்கரையும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சின்னச் சேதி: ஒஹாயோ சட்டம் அனுமதித்த நாட்களின் பட்டியலில் தீபாவளியும் இருக்கிறது. ஜூலை 4க்கு எங்கள் ஓவர்டைம் தாள் பக்கம் பக்கமாக நீளும். தீபாவளி இரவுக்கு இதுவரை ஒரு மணி நேரம்கூட எழுதியதில்லை.