நான்கு சுண்டெலிகளில் எது தலைவன்?

கேள்வி: சி57பிஎல்/6 இன ஆண் சுண்டெலிகளைக் கூண்டுக்கு நான்காக வளர்க்கிறோம். ஒரே வயது, ஒரே தீனி. ஆனாலும் ஒரே கூண்டு எலிகள்கூடப் பதற்றச் சோதனையில் வேறுவேறு விதமாக நடக்கின்றன. கூண்டுக்குள் இருக்கும் மேல்கீழ் வரிசைதான் காரணமா? அதை எப்படி அறிவது?
- ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: அது ஒரு முக்கியமான காரணமாக இருக்கலாம். அடிக்கடி கடிபடும் எலியின் வாலடியிலும் பின்முதுகிலும் காயம் இருக்கும். ரத்தத்தில் கார்டிகோஸ்டீரோன் என்னும் மனஅழுத்த ஹார்மோன் ஏறும். தலைமை எலிக்கோ வாசனைச் சுரப்பி பெரிதாகும், சிறுநீரில் புரதம் கூடும். எடையைப் பார்த்து வரிசையை ஊகிக்காதீர்கள். மீசை மழிக்கப்படாத எலிதான் தலைவன் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஓர் எலி மற்றதன் மீசையை மழிப்பது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம்.

குழாய்ச் சோதனை செய்யுங்கள். 30 செ.மீ. நீளம், 3 செ.மீ. உள்விட்டமுள்ள அக்ரிலிக் குழாய் போதும். அகலம் கூடினால் எலி திரும்பிவிடும், அல்லது மற்றதன் மேலேறிக் கடந்துவிடும், முடிவு செல்லாது. முதலில் ஒவ்வொன்றையும் தனியாக இரு பக்கமிருந்தும் நடக்கப் பழக்குங்கள். பிறகு இரண்டை வாலைப் பிடித்தபடி எதிரெதிரே விட்டு, நடுவில் சந்தித்ததும் ஒரே கணத்தில் வாலை விடுங்கள். நான்கு காலும் வெளியே வரும்படி பின்வாங்குவது தோற்றது. நான்கு எலிக்கு ஆறு ஜோடி. நாளுக்கு ஒரு சுற்று. எந்தப் பக்கமிருந்து விடுகிறீர்கள் என்பதை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் குழாயைத் துடையுங்கள். வரிசை நான்கு நாள் மாறாமல் நின்றால்தான் எழுதிக்கொள்ளுங்கள்.

சந்தேகமிருந்தால் சிறுநீர்த் தடத்தையும் பாருங்கள். நடுவே கம்பிவலை வைத்து இருபுறமும் ஒவ்வோர் எலியை விட்டு, அடியில் வடிதாள் விரியுங்கள். பிறகு புற ஊதா விளக்கில் பார்த்தால், தலைமை எலி தாள் முழுக்கப் புள்ளிபுள்ளியாகத் தெளித்திருக்கும்; அடங்கியது ஒரு மூலையில் திட்டாக விட்டிருக்கும். இரண்டு சோதனையும் ஒத்துப்போனால் நிம்மதி.

ஒன்றைக் கவனியுங்கள்: வெற்றியே வரிசையை மாற்றும். 2017-இல் சீனாவின் நரம்பியல் ஆய்வாளர் ஹைலன் ஹூவின் குழுவினர், தோற்கும் எலியின் முன்மூளைப் பகுதியை ஒளியால் தூண்டி வெல்ல வைத்தார்கள். ஆறு முறைக்கு மேல் வென்றவை, மறுநாள் தூண்டாமலே புதிய இடத்தைத் தக்கவைத்தன.

சோதனைக்காக எலிகளைக் குழு பிரிக்கையில் கையில் முதலில் சிக்கும் எலிகளை ஒரே குழுவில் போடாதீர்கள். குலுக்கல் முறையே சரி. கணக்கீட்டில் கூண்டையும் ஒரு காரணியாகச் சேருங்கள். கூண்டு மாற்றும்போது கூட்டுப்பஞ்சைப் புதுக்கூண்டுக்கு எடுத்துச் செல்லுங்கள், சண்டை குறையும். சிறுநீர் ஊறிய மரத்தூளை எடுத்துச் சென்றால் சண்டை கூடும். நடுவில் ஓர் எலியை எடுத்துவிட்டால் பழைய வரிசை செல்லாது, மறுபடி அளக்க வேண்டும்.