ராசாவை இன்னும் எத்தனை நாள் வைத்துப் பார்ப்பது?

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறோம். எங்கள் சேவல் ராசாவுக்கு ஆறு வயது. மகள் குஞ்சிலிருந்து வளர்த்தது. மூன்று கிழமையாக வலது காலை ஊன்றுவதில்லை, இப்போது படுத்தபடியே கிடக்கிறது. பாதத்தின் அடியில் கறுப்பாக ஒரு காய்ப்பு இருக்கிறது. கொண்டை வெளிறிவிட்டது, வால் இறகு உதிர்கிறது, எச்சம் பச்சையாகப் போகிறது. வெப்பமானி வைத்தால் 41.4 காட்டுகிறது. காய்ச்சலுக்குப் பனடோலும், நோவுக்கு என்னுடைய டைக்ளோபெனாக் குளிசையில் பாதிப்பாதியாக இரண்டு நாளும், மகளுக்கு மிஞ்சிய அமொக்சிசிலினும் கொடுத்தேன். தீனியைக் கொத்துகிறது, ஆனால் மெலிகிறது. பறவைக் காய்ச்சலாக இருக்குமோ? மகளுக்குத் தொற்றுமோ? சேவல் போய்விட்டால் ஆறு பேடுகளும் முட்டையிடுமா? ஊசி போட்டு முடித்துவிடுவோம் என்கிறான் தம்பி. அம்மா பாவம் என்கிறா. பக்கத்து வீட்டு மாமி, சாகமுன் அறுத்துக் கறியாக்கச் சொல்கிறா. என்ன செய்வது, டொக்டர்?

பதில்: தங்கச்சி, இத்தனை கேள்விக்கும் அடியில் இருக்கிற பயம் ஒன்றுதான். அவசரப்பட்டு ஓர் உயிரைக் கொன்றவளாகி விடுவேனோ என்பது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இனி எழும்ப வழியில்லாமல் நோவில் கிடக்கும் ஒரு பறவையை வைத்தியர் கையால் நிரந்தரமாகத் தூங்க வைப்பது பாவம் இல்லை. அம்மாவிடமும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் ராசா அந்த இடத்துக்கு வந்துவிட்டானா என்பது வேறு கேள்வி. அதன் பாதிப் பதிலை இன்று பொழுதுபடும்போது உங்கள் விரலே சொல்லும்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி, "தீனியைக் கொத்துகிறது, ஆனால் மெலிகிறது" என்பதுதான். நோயுற்ற கோழி கொத்திக் காட்டும். நெல்லை அலகால் எடுக்கும், போடும், திரும்ப எடுக்கும். பார்க்கிறவர்களுக்குச் சாப்பிடுவது போலவே இருக்கும், உள்ளே ஒன்றும் போயிருக்காது. அதனால் அலகைப் பார்த்து நம்பாதீர்கள். கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில், கொஞ்சம் வலப்பக்கமாக, தீனிப்பை இருக்கிறது. கூடு அடையும் நேரத்தில் நல்ல கோழி ஒன்றைப் பிடித்து முதலில் அதைத் தொட்டுப் பாருங்கள். பெரிய தேசிக்காய் அளவுக்குப் புடைத்து, நெல்லும் குருணலும் விரலில் நெருடும். இரவு முழுக்க அது கீழே இறங்கி, விடியும்போது பை வெறுமையாகிவிடும். இப்போது ராசாவைத் தொடுங்கள். பொழுதுபடும்போதே அங்கே தோல் மட்டும் தட்டையாகக் கையில் வந்தால், அன்று முழுக்க அவன் பட்டினி.

அப்படியே கையைக் கீழே இறக்கி நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்தால் எலும்பு அதற்குள் புதைந்து கிடக்கும். சதை கரைந்துவிட்டால் கத்தி முனை போல நேரே விரலில் படும். இறகு மூடியிருப்பதால் கண்ணுக்கு இது தெரியாது, அதனால்தான் பெரும்பாலானவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அடுத்தடுத்து இரண்டு மாலை தீனிப்பை வெறுமை, நெஞ்செலும்பும் கத்தி போல, அதோடு தண்ணீர்ச் சட்டிக்குக்கூட எழும்பாத நிலை என்றால் மூன்றாம் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த நாள் காலையிலேயே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். (பை விடியவும் மாவுருண்டை போல நிறைந்தே இருந்தால் அது அடைப்பு. அதற்கும் வைத்தியர்தான்.)

காலுக்கு வருகிறேன். பாதத்தில் கறுப்புக் காய்ப்பு என்றால் பெரும்பாலும் பாதச் சீழ்க்கட்டி. முருங்கைக் கொம்பரில் அடைந்து, விடியச் சீமெந்துத் தரைக்குக் குதிக்கும் பாரமான சேவல்களுக்கு இது வரும். மாரி காலத்தில் வளவு ஈரமாகிப் பாதம் ஊறிக் கிடந்தால் இன்னும் எளிதாக வரும். ஒரு சின்னக் கீறல் போதும், கிருமி உள்ளே போய்விடும். கட்டி பாதத்தோடு நிற்கிறது என்றால் நம்பிக்கை நிறையவே இருக்கிறது. வைத்தியர் கீறிச் சுத்தப்படுத்திக் கட்டுவார். சில கிழமை காய்ந்த வைக்கோலில் வைத்துக் கட்டு மாற்றினால் நடக்கலாம். அதற்கு மேலே, குதி மூட்டு வீங்கிச் சுடுகிறது என்றால் கிருமி மூட்டுக்குள் போயிருக்கலாம். ஆறு வயதில், மெலிந்த உடம்பில், அதிலிருந்து மீட்பது மிகவும் கடினம். இரண்டு காலின் மூட்டையும் ஒன்றாகப் பிடித்துச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். தீனிப்பை நிறைந்திருந்தாலும் இந்தக் காலுக்காக இந்தக் கிழமைக்குள் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். கட்டியை வீட்டில் சவர அலகால் கீறும் காணொளிகளைப் பார்த்து நீங்கள் கை வைக்க வேண்டாம்.

மருந்து விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. 41.4 காய்ச்சலே இல்லை. கோழியின் இயல்பான உடல் வெப்பம் 41 முதல் 42 பாகை வரை. இல்லாத காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்திருக்கிறீர்கள். அமொக்சிசிலினும் வீண். பறவையின் சீழ் நம்முடையது போல் ஓடாது, கட்டித் தயிர் போல இறுகிவிடும். அதை வெட்டி எடுக்காமல் மேலால் கொடுக்கும் மருந்து உள்ளே போய்ச் சேராது.

எல்லாவற்றிலும் மோசம் டைக்ளோபெனாக். இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த பாறு கழுகுகள் சில வருடங்களுக்குள் அழிவின் விளிம்புக்குப் போனது இந்த மருந்தால்தான். மாட்டுக்குக் கொடுத்தார்கள், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் பழுதானது. 2004இல் காரணம் உறுதியாகி, 2006இல் அங்கே கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கோழி அந்தக் கழுகளவுக்கு மென்மையானது இல்லை, ஆனாலும் அதன் சிறுநீரகத்தையும் இது கெடுக்கும். உங்களுக்கான குளிசையை இரண்டு கிலோப் பறவைக்குப் பாதியாக்கிக் கொடுப்பது எப்படிச் சரியாகும், தங்கச்சி? இனி ஒரு துளியும் வேண்டாம். எத்தனை பாதி, எந்த நாள் என்று ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். ஒளிக்காதீர்கள், அவர் முடிவெடுக்க அது தேவை. ராசாவின் கால் நீங்கள் குளிசை கொடுக்கும் முன்பே பழுதாகிவிட்டது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பச்சை எச்சம், வெறும் வயிற்றில் பித்தம் போவது. வால் இறகு முளைத்துக்கொள்ளும். கொண்டை வெளிறுவது பட்டினியின் பின்னால் வருவது, செட்டைக்குக் கீழே பேன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சேவல் இல்லாமலும் பேடுகள் முட்டையிடும், குஞ்சுதான் வராது. மாமிக்கு நன்றி சொல்லி அனுப்புங்கள். சீழும் மூன்று விதக் குளிசையும் போன உடம்பு கறிக்கு ஆகாது.

பறவைக் காய்ச்சல் பயத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கொடிய வகை ஒரு சேவலை மூன்று கிழமை படுக்கவைத்து ஆறு பேடுகளைச் சும்மா விடாது, கூட்டையே சில நாளில் வாரிக்கொண்டு போகும். பேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகத் தொடங்கினால், அல்லது கழுத்து முறுகித் தலை திரும்பினால், அது வேறு கதை. அப்போது கையால் தொடாமல் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அன்றைக்கே அறிவியுங்கள். மகள் ராசாவைத் தூக்கிய பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும், அலகில் முத்தம் வேண்டாம்.

வைத்தியரிடம் போகும் வரை அவனைப் பேடுகளின் கண்ணுக்குத் தெரிகிற நிழலில் தனியாக வையுங்கள். தண்ணீரும், முட்டை மஞ்சட்கரு பிசைந்த சோறும் அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காலையும் மாலையும் வாலடியைத் தூக்கிப் பார்த்து, இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடையுங்கள். நம் திருகோணமலைச் சூட்டில் எச்சம் ஒட்டிய இறகில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளில் புழு வந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். நான் வேலைக்கு வந்த புதிதில் மூதூர்ப் பக்கத்து ஐயா ஒருவர் சாக்கில் சுற்றி ஒரு சேவல் கொண்டு வந்தார். மூட்டு இரண்டு மடங்காக வீங்கியிருந்தது, நெஞ்செலும்பு கத்தி. எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனம் வரவில்லை. "இன்னும் ஒரு கிழமை பார்ப்போம்" என்று மருந்து கொடுத்து அனுப்பினேன். எட்டாம் நாள் திரும்பக் கொண்டு வந்தார். வாலடி முழுக்கப் புழு. அந்த ஏழு நாளும் இரவில் எழும்பி எழும்பிக் கரண்டியால் தண்ணீர் பருக்கியிருக்கிறார். ஊசி போட்டு முடிந்த பிறகு, "போன கிழமையே சொல்லியிருக்கலாமே, மகன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவசரத்தால் நடந்த கொலையென்று என் மனதில் ஒன்றும் இல்லை. அந்த ஏழு நாள்தான் இருக்கிறது.

வைத்தியர் முடித்துவிடுவதே நல்லது என்றால் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். துவாயில் சுற்றிப் பிடிப்பார்கள். செட்டையின் உட்பக்க இரத்தக் குழாயில் ஊசி. அளவுக்கு மிஞ்சிய மயக்க மருந்துதான், முதலில் நினைவு போகும், பிறகு மூச்சு. கடைசியில் செட்டை ஒரு தடவை படபடக்கலாம், கண் திறந்தே இருக்கலாம். அது நோவு இல்லை, நினைவு ஏற்கனவே போயிருக்கும். மகளை அழைத்துப் போவதானால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வர விருப்பமா என்று அவளையே கேளுங்கள். "பறந்து போய்விட்டான்" என்று மட்டும் சொல்ல வேண்டாம், வளவெல்லாம் தேடுவாள். சமய நம்பிக்கையால் இதைச் செய்யாத வைத்தியர்களும் உண்டு, அதனால் முதலே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் சொல்கிற குளிர்பெட்டி, தண்ணீர் வாளி, சோடா மாவும் வினாகிரியும், கார்ப் புகை எல்லாம் சித்திரவதை. கழுத்து எலும்பை ஒரே இழுவையில் விலக்கும் முறை பழகிய கைக்குச் சரி, அதுவும் மூன்று கிலோவுக்கு உட்பட்ட பறவைக்கு. காணொளி பார்த்துத் தம்பி முதல் தடவையாக ராசாவில் பழக வேண்டாம்.

ஊசி போட்ட உடம்பில் மருந்து அப்படியே இருக்கும். நாயோ காகமோ தின்றால் அதுவும் சாகலாம். கிணற்றுக்குத் தள்ளி, இரண்டு அடிக்கு மேல் தோண்டிப் புதைத்து, நம் மணல் நிலத்தை நாய் கிண்டிவிடும் என்பதால் மேலே பாரமான கல் வையுங்கள்.

இன்று மாலை தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், நாளை மாலையும். கொண்டு போகும்போது காற்றுப் போகிற கடகத்தில் வைக்கோல் பரப்பி, வெயில் ஏறமுன் போங்கள். அந்தக் குளிசை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.