நூற்றிருபதுக்கு எண்பது

அன்புள்ள அம்மா,

நான் செவிலியர் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. கற்றலைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் சொன்ன ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி மூன்றையும் உளவியல் தாளில் படித்தோம். ஆயத்தமாக இல்லாதவரைக் கற்கச் சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும் என்கிறது முதல் விதி; திரும்பத் திரும்பச் செய்தால் கற்றது உறுதிப்படும் என்கிறது இரண்டாவது. வார்டில் ஊசி போடச் சொன்னால் எனக்குக் கை நடுங்குகிறது. மனம் ஆயத்தமாகும்வரை காத்திருக்கலாமா? காணொளிகளைப் பார்த்துப் பழகினால் போதுமா? தோழிகள் எப்படியோ இத்தனை முறை செய்ய வேண்டும் என்ற எண்ணிக்கையை முடித்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

க.

அன்புள்ள க.,

உன் கடிதம் வந்தபோது நானும் அந்தப் பயிற்சி விதியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் மருத்துவரைப் பார்க்கப் போன இடத்தில், பத்தாண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை விழுங்கும் எனக்கு, ஒரு பயிற்சி மாணவி பட்டையிலிருந்து காற்றைப் புஸ்ஸென்று இறக்கிவிட்டு 120/80 என்று எழுதினாள்.

கை நடுங்குவதை ஆயத்தமின்மை என்று எண்ணாதே. மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயில் 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டால், 42 என்று சொல்லத் தெரியாமல் விழிக்கிறவளின் கைதான், நடுங்காவிட்டாலும், ஆயத்தமில்லாத கை. காணொளியைத் தாராளமாகப் பார்; அதைப் பழக்கம் என்று மட்டும் சொல்லாதே.

உன் தோழிகளின் எண்ணிக்கைக்கு வருகிறேன். பயிற்சி விதி தனித்து நிற்காது என்று தார்ன்டைக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு 4 அங்குலக் கோடு வரையச் சொல்லி, வரைந்தது நீளமா குட்டையா என்று சொல்லாமலே ஆயிரக்கணக்கான தடவை வரையவைத்துப் பார்த்தார். கடைசிக் கோடுகள் முதல் கோடுகளைவிடக் கொஞ்சமும் தேறவில்லை.

அந்தக் கோடுகளை நானும் வரைந்திருக்கிறேன். செவிலியர் படிப்பின் முதலாண்டில், நோயாளியின் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, பாதரசம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பட்டை தளரும்போது இரத்தக்குழாயில் எழும், ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் 1905-இல் விவரித்த ஒலி எனக்குக் கேட்கவே கேட்காது. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒரு கட்டிலுக்கு 120/80, அடுத்த கட்டிலுக்கு 130/80 என்று இரண்டு மாதம் எழுதினேன். எண்ணிக்கையில் எங்கள் வகுப்பிலேயே நான்தான் முதல். ஓர் இரவு, நான் 120/80 எழுதிய பாட்டிக்குத் தலைவலி என்றதும் இரவுப்பணி சிஸ்டர் தாமே பார்த்தார்; 190/110. “இந்தக் கிழவி செத்துப்போனால், நார்மலாகச் செத்தாள் என்று நோட்டில் எழுதுவாயா?” என்று வார்டே கேட்கும்படி திட்டினார்.

மருத்துவரை வரவழைத்துப் பாட்டிக்கு வேண்டியதைச் செய்த பிறகு, என் காதிலிருந்த முனைகளைப் பிடுங்கித் திருப்பி மாட்டினார். அவை மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நான் பிடரியை நோக்கி மாட்டியிருந்தேன். என் விரலை நோயாளியின் மணிக்கட்டில் வைத்து, நாடி மறையும்வரை காற்றை ஏற்றி, அதற்கு மேலும் 30 ஏற்றி, வினாடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டராக இறக்கவைத்தார். டொக், டொக். இரண்டு மாதம் கேட்காதது ஒரு நிமிடத்தில் கேட்டது. மறுநாள் முதல், தாம் பார்த்த அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அதே நோயாளியை என்னையும் பார்க்கச் சொல்லி, பிறகு சீட்டை எடுத்து நீட்டுவார். இப்படிப் பத்துச் சீட்டுகள் நீட்டிய பிறகுதான் என்னைத் தனியாக விட்டார்.

உன் தோழிகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்தச் சீட்டை நீட்டுகிறார்களா? இல்லையென்றால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கோடு வரைகிறார்கள், அதுவும் பிறர் உடம்பில். எனக்கு ஆத்திரம் வருகிறது. நீ ஊசி போடும்போது கை நடுங்கினால் நடுங்கட்டும். பக்கத்தில் நின்று பார்க்க ஒரு சிஸ்டரைக் கூப்பிட்டுக்கொள். முடித்ததும், எங்கே தவறினேன் என்று கேள். வேலை இருக்கிறது என்று அவர் நழுவினால் பின்னாலேயே போய்க் கேள், பெண்ணே.

அந்தப் பயிற்சி மாணவியை மெல்ல இறக்கி இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். 152/94 என்றாள். எழுதும்போது 150/90 என்று எழுதினாள். வியாழக்கிழமை மறுபடியும் போகிறேன்.